ரெனே கிடைக்கிறார், பெரிய எழுத்தில் தேடினால் காணவில்லை: மேற்குறி எழுத்துகளும் லோகேலும்

செம்மண்சாலை, திங்கள் இரவு 9.40

வணக்கம். நான் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன். பெரியவர்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் ஊர் விளங்கும். இங்கே கோயில் மண்டபத்தின் பின்னறையில் நாலைந்து பேராகச் சேர்ந்து வாசகசாலை நடத்திவருகிறோம். ஓய்வுபெற்ற கிராணியார் (தோட்ட எழுத்தர்) ஒருவர் வீட்டுப் பரணில் காத்துவைத்திருந்த தோட்டக் காகிதங்களை எங்களிடம் ஒப்படைத்தார். செக்ரோல் எனப்படும் தொழிலாளர் பெயர்ப் பதிவேடுகள், லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வீட்டுப் பட்டியல்கள், துரைமார் எழுதிய கடிதங்கள் என்று மூன்று தகரப் பெட்டிகள். தாத்தா பாட்டி பெயரைத் தேடிக்கொண்டு கிள்ளானிலிருந்தும் பந்திங்கிலிருந்தும்கூட ஆட்கள் வருகிறார்கள். ஆகவே எல்லாவற்றையும் தட்டச்சு செய்து பைத்தானில் ஒரு தேடுநிரல் எழுதினேன். தரவு எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் ஃபிரெஞ்சுக்காரர்களின் தோட்டங்கள் இருந்தன. 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே செம்பனையை வணிகப் பயிராக நட்ட தென்னமராம் தோட்டம் எங்களுக்குப் பக்கம்தான். அதனால் கடிதங்களில் ரெனே, ஆந்த்ரே என்றெல்லாம் பெயர்கள் வருகின்றன. ரோமன் எழுத்தில் அவற்றின் கடைசி ஈயின் தலையில் ஒரு சாய்ந்த கீற்று உண்டு.

மூன்று சிக்கல்கள். ஒன்று, ரெனேயைச் சிறிய எழுத்தில் கீற்றோடு தட்டினால் கிடைக்கிறார். முழுவதும் பெரிய எழுத்தில், பெரிய ஈயின் மேல் கீற்றோடு தட்டினால் கிடைப்பதில்லை. லெட்சுமி, ராமன் போன்ற பெயர்கள் எப்படித் தட்டினாலும் வருகின்றன. இரண்டு, நூல் பட்டியலிலும் இதே கதை. ஒரு மாணவி தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் ஒலிக்குறிகளோடு பதிந்து கொடுத்தார். ழகரத்துக்கு எல்லின் கீழே கோடு, நெடிலுக்கு மேலே கோடு. பெரிய எழுத்தில் தேடினால் அவையும் வருவதில்லை.

மூன்றாவதுதான் என்னை மிகவும் குழப்புகிறது. செக்ரோல் பெயர்களைப் பதிய நண்பர் ஒருவர் ஜாவாவில் ஒரு படிவம் எழுதித் தந்தார். எல்லாக் கணினியிலும் ஒழுங்காக ஓடுகிறது. இஸ்தான்புல்லில் வேலை பார்த்துத் திரும்பிய ஓர் அன்பர் கொடுத்த மடிக்கணினியில் மட்டும் ராமன் வருகிறார், லெட்சுமி வரமாட்டேன் என்கிறார். மாறன் வருகிறார், முனியாண்டி வருவதில்லை. ஊர்ப்பெயரே அதில் கிடைப்பதில்லை.

எண்ணும்எழுத்தும், திங்கள் இரவு 10.25

உங்கள் முதல் இரண்டு சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான். எஸ்கியூலைட்டில் பெரிய எழுத்தாக்கும் அப்பர், சிறிய எழுத்தாக்கும் லோயர் ஆகிய செயற்கூறுகள் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை மட்டுமே மாற்றும். அவர்களுடைய ஆவணத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். கீற்று இட்ட ஈயைக் கண்டால் அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடும். தேடலுக்குப் பயன்படும் லைக் ஒப்பீடும் அப்படித்தான்.

ஏன் 26ஓடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. ஆஸ்கி என்ற பழைய எண் அட்டவணையில் பெரிய ஏ 65, சிறிய ஏ 97. எந்த எழுத்தை எடுத்தாலும் இடைவெளி 32. ஆகவே 32ஐக் கழித்தால் பெரிய எழுத்து. பழைய நிரல்களில் இந்தக் கழித்தல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மேற்குறி எழுத்துகளையும் சேர்த்த லத்தீன்-1 அட்டவணையில் கீற்று இட்ட சிறிய ஈ 233, பெரியது 201. இங்கேயும் 32தான். பார்த்தவர்கள், நம் கணக்கு மேற்குறி எழுத்துக்கும் பொருந்துகிறது என்று நம்பிவிட்டார்கள்.

அதே அட்டவணையில் 247இல் இருப்பது வகுத்தல் குறி. அதிலிருந்து 32ஐக் கழித்தால் 215, அதாவது பெருக்கல் குறி. கணக்குப் பாடத்தைப் பெரிய எழுத்தில் மாற்றினால் வகுத்தலெல்லாம் பெருக்கலாகிவிடும். 255இல் இரட்டைப் புள்ளி இட்ட சிறிய ஒய் இருக்கிறது. சில ஃபிரெஞ்சு ஊர்ப்பெயர்களில் வரும் எழுத்து அது. 32ஐக் கழித்தால் 223, அது ஜெர்மானியர்களின் எஸ்ஸெட் என்னும் எழுத்து. அந்த ஒய்யின் பெரிய எழுத்து லத்தீன்-1இல் இடம்பெறவே இல்லை. எல்லா மொழி எழுத்துகளையும் அடக்கிய யூனிகோடில் அதன் எண் 376.

உங்கள் மாணவி பயன்படுத்திய எழுத்துகளில் இடைவெளி 32 அன்று, 1. மேற்கோடு இட்ட பெரிய ஏ 256, சிறியது 257. ழகரத்துக்கு எழுதும் அடிக்கோட்டு எல்லில் பெரியது 7738, சிறியது 7739. ஆகவே எண்ணைக் கூட்டிக் கழித்து இதைச் சமாளிக்க முடியாது. யூனிகோடின் அட்டவணையைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். பைத்தானின் சொந்த அப்பர், லோயர் அந்த அட்டவணையைப் பார்த்தே வேலை செய்கின்றன. மாற்றும் வேலையை எஸ்கியூலைட்டிடம் விடாமல் பைத்தானிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பெரட்டுமணி, செவ்வாய் காலை 6.10

தம்பி, இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. நான் முப்பது ஆண்டுகள் அலுவலகப் பதிவேடுகளோடு இருந்தவன். நம் அடையாளக் கார்டில் பெயர் எப்படி இருக்கிறது? எல்லாம் பெரிய எழுத்து. பதியும்போதே எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றி, கீற்றுகளை நீக்கிச் சேமித்துவிடுங்கள். தேடுகிறவர் தட்டுவதையும் அப்படியே மாற்றுங்கள். இரண்டும் பொருந்தும். வேலை முடிந்தது.

கண்ணாடிப்பேனா, செவ்வாய் காலை 8.05

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் சேமிக்கும்போதே மாற்றுவது என்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. தேடுவதற்காக மாற்றுவது வேறு, பதிவையே மாற்றுவது வேறு.

பெரிய எழுத்தாக மாற்றும்போது ஏதாவது ஒன்று தொலைகிறது, தொலைந்ததைத் திரும்பப் பெற வழியில்லை. ஜெர்மன் மொழியில் தெரு என்ற சொல்லில் எஸ்ஸெட் வருகிறது. பைத்தானில் அதைப் பெரிய எழுத்தாக்கினால் இரண்டு எஸ் ஆகும். ஆறெழுத்துச் சொல் ஏழெழுத்தாக நீளும். மறுபடி சிறிய எழுத்தாக்கினால் இரண்டு சிறிய எஸ்தான் வரும், எஸ்ஸெட் வராது. எஸ்ஸெட்டுக்குத் தனியாக ஒரு பெரிய எழுத்தும் 2008இல் யூனிகோடில் சேர்ந்தது. 2017இல் ஜெர்மன் எழுத்துவிதிகளும் அதை ஏற்றுக்கொண்டன. இருந்தாலும் நிரல்மொழிகளின் வழக்கமான மாற்றம் இரண்டு எஸ்தான். நெடுவரிசைக்கு இத்தனை எழுத்து என்று அளவு வைத்திருப்பவர்கள் இந்த நீட்சியை நினைவில் வைக்க வேண்டும்.

நம் பெயர்களையே பாருங்கள். அனாக் லெலாக்கி என்பதை ஏ, சாய்கோடு, எல் என்று சுருக்கி எழுதுகிறோம், அனாக் பெரெம்புவான் என்றால் ஏ, சாய்கோடு, பி. பள்ளிச் சான்றிதழில் அது சிறிய எழுத்தில் இருக்கும், கார்டில் பெரிய எழுத்தில் இருக்கும். பெரிய எழுத்தில் சேமித்ததை அழகாக அச்சிட வேண்டும் என்று சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் பைத்தானின் டைட்டில் செயற்கூறைக் கொடுத்தால், சாய்கோட்டைச் சொல் முடிவு என்று எண்ணி இரண்டு பக்கமும் பெரிய எழுத்தே போடும். பெயருக்கு இடையில் மேற்கோள் குறி வந்தாலும் அதற்கு அடுத்த எழுத்தைப் பெரிதாக்கிவிடும். ஒருவர் தம் பெயரை எப்படி எழுதினார் என்பதை அவரிடமிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும், நிரலால் ஊகிக்க முடியாது.

செம்மண்சாலை, அந்தக் கடிதங்களில் பெரிய எழுத்துப் பெயர்கள் எப்படி இருக்கின்றன? கீற்று இருக்கிறதா?

செம்மண்சாலை, செவ்வாய் மதியம் 1.15

அக்கா, நீங்கள் கேட்ட பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரே கடிதம், ஒரே ஆள். மேலே தலைப்பில் பெயர் பெரிய எழுத்தில் தட்டச்சாகியிருக்கிறது, கீற்று இல்லை. உள்ளே சிறிய எழுத்தில் அதே பெயர் வரும் இடத்தில் கடைசி ஈயின் மேல் கீற்றைப் பேனாவால் இட்டிருக்கிறார். நீல மை, காகிதம் ஈரம் இழுத்ததால் கொஞ்சம் கசிந்து பரவியிருக்கிறது. ஐந்து கடிதங்களைப் பார்த்துவிட்டேன், ஐந்திலும் அப்படியே.

கண்ணாடிப்பேனா, செவ்வாய் மதியம் 1.50

நான் எதிர்பார்த்ததும் அதுதான். ஃபிரெஞ்சுத் தட்டச்சுப்பொறியிலேயே கீற்று இட்ட சிறிய ஈக்குத் தனி விசை உண்டு, பெரிய ஈக்குக் கிடையாது. அந்தப் பழக்கத்தில் பெரிய எழுத்தில் மேற்குறி வேண்டாம் என்று ஒரு தலைமுறையே எழுதியது. ஃபிரெஞ்சு அகாதமி பெரிய எழுத்திலும் குறியை இட வேண்டும் என்கிறது. உங்கள் பெட்டியில் இருப்பது அந்தக் கால வழக்கம். ஆகவே தலைப்பில் உள்ளதைத் தலைப்பில் உள்ளபடியும், உடலில் உள்ளதை உடலில் உள்ளபடியும் பதியுங்கள். தேடல் இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உறவு இருக்கிறது. 1972 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் மலாயில் ஈயின் ஓர் ஒலிப்புக்கு மேலே பிறை போன்ற குறி இட்டார்கள். உங்கள் பெட்டியில் பழைய மலாய்ப் பள்ளிப் புத்தகம் ஏதும் இருந்தால் அந்தப் பிறையும் உங்கள் தேடலில் வந்து நிற்கும்.

இரண்டாம்ஷிப்ட், செவ்வாய் இரவு 11.30

இஸ்தான்புல் மடிக்கணினியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ராமன், மாறன் வருகிறார்கள், லெட்சுமி, முனியாண்டி வரவில்லை என்றபோதே விடையும் வந்துவிட்டது. வராத பெயர்களில் எல்லாம் ஐ எழுத்து இருக்கிறது. பெஸ்தாரியிலும் இருக்கிறது, பெர்ஜுந்தையிலும் இருக்கிறது.

துருக்கியர் 1928இல் ரோமன் எழுத்துக்கு மாறியபோது ஐயை இரண்டாக வைத்துக்கொண்டார்கள். புள்ளியுள்ள ஐ ஒன்று, புள்ளியில்லா ஐ ஒன்று. இரண்டும் வேறு வேறு உயிரெழுத்துகள். புள்ளியுள்ளது பெரிதானாலும் புள்ளி போகாது. புள்ளியில்லாதது சிறிதானாலும் புள்ளி வராது. நாம் அறிந்த பெரிய ஐ அவர்களுக்குப் புள்ளியில்லாததன் பெரிய வடிவம். யூனிகோடில் புள்ளியோடு கூடிய பெரிய ஐ 304, புள்ளியில்லாத சிறிய ஐ 305. அஜர்பைஜான் மொழியிலும் இதே ஏற்பாடுதான்.

ஜாவாவில் டுலோயர்கேஸ் என்பதை வெறுமனே அழைத்தால், கணினியின் லோகேலை, அதாவது அதில் வைத்திருக்கும் மொழி, நாட்டு அமைப்பைக் கேட்டு நடக்கும். அந்த மடிக்கணினி இன்னும் துருக்கி அமைப்பில் இருக்கிறது. பெரிய எழுத்தில் பெஸ்தாரி என்று கொடுத்தால் கடைசி எழுத்து புள்ளியில்லாமல் இறங்கும். தரவுத்தளத்தில் இருப்பது புள்ளியோடு. கண்ணுக்கு ஒரு புள்ளி வித்தியாசம், கணினிக்கு வேறு சொல். நிரலுக்குள் நெடுவரிசைத் தலைப்புகளையும் இப்படி மாற்றியிருந்தால், அவையும் பொருந்தாமல் போகும்.

மருந்து எளியது. அழைக்கும்போது, எந்த நாட்டையும் சாராத லோகேல் ரூட் என்பதைக் கூடவே கொடுக்க வேண்டும். ஜாவா 6 முதல் இருக்கிறது. சி ஷார்ப்பில் இன்வேரியன்ட் என்று முடியும் வடிவங்கள் இதற்கே. ஜாவாஸ்கிரிப்டின் டுஅப்பர்கேஸும் பைத்தானின் அப்பரும் லோகேலைப் பார்ப்பதில்லை. பிஎச்பி 8.2இலிருந்து அதன் அடிப்படைச் செயற்கூறுகளும் லோகேலைப் பார்ப்பதை விட்டுவிட்டன, ஆனால் அவை ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே மாற்றும். மேற்குறி எழுத்துகளுக்கு எம்பி என்று தொடங்கும் வடிவத்தை அழைக்க வேண்டும்.

மடிக்கணினியின் அமைப்பை மலேசியாவுக்கு மாற்றினால் அறிகுறி மறையும், நிரலில் உள்ள தவறு அப்படியே இருக்கும். நாளை வேறொருவர் வேறொரு கணினியோடு வருவார். தயவுசெய்து நிரலையே திருத்துங்கள்.

பெரட்டுமணி, புதன் காலை 6.20

அப்படியானால் லோகேலே வேண்டாமா? எதற்காக அதை வைத்திருக்கிறார்கள்?

இரண்டாம்ஷிப்ட், புதன் காலை 7.45

வேண்டும் ஐயா. துருக்கி மொழிச் செய்தித்தாளின் தலைப்பைப் பெரிய எழுத்தில் காட்ட வேண்டுமானால் துருக்கி விதிதான் சரி. டச்சு மொழியில் ஐயும் ஜேயும் சேர்ந்து ஒரே எழுத்தாக நிற்கும். ஐஸ்லாந்தை அவர்கள் எழுதும்போது முதல் இரண்டையும் பெரிதாக்க வேண்டும். கிரேக்கத்தில் சிக்மாவின் சிறிய வடிவம் சொல்லின் நடுவில் ஒன்று, கடைசியில் வேறு. இவை அந்தந்த மொழியின் உரிமை.

ஆனால் அந்த விதி உரையின் மொழியைப் பொறுத்தது. கணினி எந்த நாட்டில் வாங்கப்பட்டது என்பதற்கும் அதற்கும் உறவே இல்லை. நம்முடைய கணினி மலாய் அமைப்பில் இருக்கிறது, அதில் இருக்கும் கடிதம் ஃபிரெஞ்சு, பெயர்கள் தமிழ். இதில் கணினியின் லோகேல் யாருக்காகப் பேசும்? உரையின் மொழி தெரிந்தால் அதை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். தெரியாவிட்டால், அல்லது ஒப்பிட மட்டும் வேண்டுமானால், லோகேல் சாராத மாற்றத்தைப் பயன்படுத்துங்கள்.

செம்மண்சாலை, புதன் இரவு 10.55

ஜாவா படிவம் சரியாகிவிட்டது. லெட்சுமி, முனியாண்டி எல்லோரும் வந்துவிட்டார்கள். நன்றி அண்ணா.

ஆனால் இன்னொரு பக்கம் பெரிய சேதம் நடந்துவிட்டது. கீற்றை நீக்கித் தேட வேண்டும் என்று நேற்றிரவு இணையத்தில் கிடைத்த நான்கு வரி நிரலைச் சேர்த்தேன். எழுத்துகளைப் பகுதிகளாகப் பிரி, எம்என் வகையைச் சேர்ந்த குறிகளை நீக்கு, மீதியைச் சேர் என்பதுதான் அது. ரெனே உடனே கிடைத்தார். மகிழ்ந்து நூல் பட்டியல் முழுவதற்கும் ஓட்டினேன். இன்று மாலை ஒரு பையன் வந்து கேட்டான், ஏன் எல்லாத் தலைப்பிலும் புள்ளி இல்லை என்று. கண்ணன் என்பது கணணன என்று நிற்கிறது. மீனாட்சி மனாடசி ஆகிவிட்டாள். தீ என்ற சொல் வெறும் தகரமாக நிற்கிறது. பூ மட்டும் பூவாகவே இருக்கிறது. நகல் இருப்பதால் மீட்டுவிடுவேன். ஆனால் ஏன் இப்படி?

எண்ணும்எழுத்தும், புதன் இரவு 11.40

இதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது, ஏனென்றால் அந்த நான்கு வரி இணையம் முழுவதும் நல்ல விடையாக உலவுகிறது. எழுதியவர்கள் ரோமன் எழுத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதினார்கள்.

யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகை உண்டு. எம்என் என்பது தனக்கென இடம் எடுத்துக்கொள்ளாத குறி. ஈயின் மேல் கீற்று அந்த வகை. தமிழில் மெய்ப்புள்ளியும் அதே வகை. ஈகாரக் குறியும் அதே வகை. ஆகாரத்தின் கால், இகரம், உகரம், ஊகாரம், கொம்புகள் எல்லாம் எம்சி என்ற வேறு வகை, இடம் எடுத்துக்கொள்பவை. அதனால்தான் பூ தப்பித்தது, தீ அணைந்தது. ஃபிரெஞ்சுக்காரருக்குக் கீற்று போனால் பெயர் கொஞ்சம் மங்கும். நமக்குப் புள்ளி போனால் மெய்யே உயிர்மெய்யாகிவிடும்.

திருத்தம் இது. வகையைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். ரோமன் எழுத்துக்கான இணைகுறிகள் 768 முதல் 879 வரை ஒரே தொகுதியாக இருக்கின்றன. ஃபிரெஞ்சுக் கீற்று 769, ழகரத்தின் அடிக்கோடு 817, ளகரத்தின் கீழ்ப்புள்ளி 803. அந்த எல்லைக்குள் இருப்பவற்றை மட்டும் நீக்குங்கள். நீக்கியபின் எழுத்துகளை மறுபடி ஒன்றுசேர்க்க மறக்க வேண்டாம். பிரிக்கும்போது ஒகர ஓகாரக் குறிகளும் கொம்பாகவும் காலாகவும் பிரிந்துவிடும், சேர்க்காவிட்டால் தொட்டி என்று தேடுபவருக்குத் தொட்டி கிடைக்காது.

கடைசியில் லோயருக்குப் பதிலாகக் கேஸ்ஃபோல்ட் செயற்கூறை அழையுங்கள். பைத்தான் 3.3இல் வந்தது, ஒப்பிடுவதற்கென்றே செய்தது. எஸ்ஸெட்டையும் இரண்டு எஸ்ஸையும் ஒன்றாகக் காண்பது அதுதான். இதன் விளைவை மூல நெடுவரிசையில் எழுதவே எழுதாதீர்கள். தேடலுக்கென்று இன்னொரு நெடுவரிசை வைத்து அதில் எழுதுங்கள். தேடுகிறவர் தட்டுவதையும் அதே வழியில் மாற்றி அந்த நெடுவரிசையோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. சிலர் தட்டும்போது கீற்று இட்ட ஈ ஒரே எண்ணாக, 233 என்று விழும். சிலருடைய கணினியில் ஈ 101, கீற்று 769 என்று இரண்டாக விழும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இந்த வழியில் போனால் அந்த வேறுபாடும் அடங்கிவிடும்.

கண்ணாடிப்பேனா, வியாழன் காலை 8.20

நன்றாகச் சொன்னீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ரோமன் எழுத்தில் உள்ள தமிழ்த் தலைப்புகளில் குறிகளை நீக்கினால் லகரம், ளகரம், ழகரம் மூன்றும் ஒரே எல் ஆகிவிடும். வாழை என்று தேடினால் வாளை மீனும் வந்து நிற்கும், பழத்தோடு பலமும் வரும். தேடலில் அதிகமாக வருவது தவறில்லை. ஆனால் ஒருவர் அடிக்கோட்டைத் தட்டித் தேடுகிறார் என்றால் அவர் ழகரத்தைத்தான் கேட்கிறார். மூல நெடுவரிசையோடு குறி மாறாமல் பொருந்துபவற்றை முதலில் காட்டி, மற்றவற்றை அதற்குக் கீழே காட்டுங்கள். அந்த மாணவி ஒவ்வொரு கோட்டையும் புள்ளியையும் பார்த்துப் பார்த்து இட்டிருப்பார். அந்த உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை அது.

பெரட்டுமணி, வியாழன் காலை 9.00

இரண்டு நெடுவரிசை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நான் சொன்னது தேடல் நெடுவரிசைக்குப் பொருந்தும், மூலத்துக்குப் பொருந்தாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் செக்ரோலில் கிராணிமார் ஒரே பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். லெட்சுமியின் கடைசியில் ஐ போடுவார் ஒருவர், ஒய் போடுவார் ஒருவர். அதைக் கேஸ்ஃபோல்ட் தீர்க்காது. அதற்கு ஒரு பட்டியலைக் கையால்தான் தயாரிக்க வேண்டும். என்னிடம் நேரம் இருக்கிறது, அனுப்புங்கள், செய்து தருகிறேன்.

செம்மண்சாலை, ஞாயிறு இரவு 8.30

எல்லாம் முடிந்து இன்று வாசகசாலையைத் திறந்தோம். ஐயாவின் பட்டியலில் முதல் இருநூறு பெயர்களும் ஏறிவிட்டன.

மாலையில் ஓர் அம்மா பேரனோடு வந்தார். அப்பா பால்மரம் வெட்டியவராம். துரையின் பெயரை மட்டும் அவருக்குத் தெரியும், ரெனே என்று வீட்டில் சொல்லிக் கேட்டதாம். பேரன் கைப்பேசியில் தட்டும் பழக்கத்தில் கீற்று இல்லாமல், எல்லாம் சிறிய எழுத்தில் தட்டினான். பதினொரு கடிதங்கள் வந்தன. ஏழாவதில் புது லயத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களின் பட்டியல் இருந்தது, அதில் அவருடைய அப்பாவின் பெயர் ஐயோடு இல்லாமல் ஒய்யோடு முடிந்தது. அம்மா விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார்.

அச்சுப்படி ஒன்று கேட்டார். மூல நெடுவரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தலைப்பில் கீற்று இல்லை, கீழே கீற்று இருக்கிறது, அப்பாவின் பெயர் ஒய்யோடு இருக்கிறது.

ஐயா, அடுத்த பெட்டியின் பெயர்களை நாளை அனுப்புகிறேன்.